"என் டீம்" என்று நீங்கள் எழுதிய இடம்

திருநெல்வேலியிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

2008இல் வேலைக்காகச் சென்னை வந்தவர், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையொன்றில் நால்வரில் ஒருவராகத் தங்கியிருக்கிறார். பஞ்சாபுக்கு எதிராக பாலாஜி ஹாட்ரிக் எடுத்த அன்று சேப்பாக்கத்து இரைச்சல் மொட்டை மாடி வரை கேட்டதாம். "அன்னைக்குப் பிடிச்சது மேடம், இந்த சிஎஸ்கே பைத்தியம்." 2011 இறுதி ஆட்டத்தில் பெங்களூரை 58 ரன்னில் வென்ற இரவு நால்வரும் கேலரியில் இருந்தார்கள். பிறகு சூதாட்ட விவகாரம் வெடித்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை ஈராண்டு நிறுத்தி வைத்தபோது, அறை நண்பர்களில் ஒருவர் "இனிமே இது நம்ம டீம் இல்லடா" என்று ஒதுங்கிவிட்டார். இவர் அவரைத் துரோகி என்று திட்ட, பேச்சு நின்றது. இன்றுவரை நிற்கிறது.

அந்த இரண்டு ஆண்டும் இவர் ஐபிஎல் பக்கமே திரும்பவில்லை. 2019இல் ஒரு ரன்னில் கோப்பை கை நழுவியபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது ஊரோடு வந்து, மனைவி, 13 வயது மகனோடு இருக்கிறார். 2025இல் சென்னை சேப்பாக்கத்திலேயே ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனபோது, வருத்தம் வருவதற்குப் பதில் "அப்பாடா" என்று இருந்ததாம். அதுவே அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. மகன் ஆர்சிபி ரசிகன். ஜூன் 3 இரவு பெங்களூர் முதன்முறையாகக் கோப்பையை வென்றதும் அவன் குதிக்க, இவர் ரிமோட்டைச் சுவரில் அடித்து "வெளிய போடா" என்று கத்தியிருக்கிறார். நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கிய செய்தி வந்த அன்று, பழைய மஞ்சள் ஜெர்சியை எடுத்து பைக் துடைக்கப் போட்டுவிட்டார்.

கேள்விகள் நான்கு. எனக்கு டிப்ரஷனா? ஜெயிக்கும்போது மட்டும் கூடவே நிற்கிற ரசிகனா நான்? அடியோடு விட்டுவிடலாமா, இல்லை வேறு அணியைப் பிடித்துக்கொள்ளலாமா? மகனிடம் எப்படிப் பேசுவது?

நண்பரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பென்சிலோடு. ஆடியது யார், தோற்றது யார் என்பதை விட, நீங்கள் வினைச்சொல்லை எப்படி முடிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்த்தேன். "2010ல ஜெயிச்சோம்", "2012ல சேப்பாக்கத்துலயே கொல்கத்தாகிட்ட தோத்தோம்", "2018ல திரும்பி வந்து அடிச்சோம்". ஆனால் கடைசி இரண்டு பக்கத்தில் "சிஎஸ்கே தோத்துச்சு", "அவனுங்க சொதப்பிட்டானுங்க".

இது உங்கள் ஒருவருடைய பழக்கம் அல்ல. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதையே கண்டார். தங்கள் கல்லூரிக் கால்பந்து அணி வென்றால் "நாம்" என்று பேசினார்கள். தோற்றால் "நாம்" குறைந்தது. வென்ற வாரத்துத் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையில் வந்தவர்களும் அதிகம். பிறர் வெற்றியின் வெளிச்சத்தில் கொஞ்சம் குளிர் காய்வது மனித சுபாவம். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்கே தெரியும்.

அதனால் "ஜெயிக்கும்போது மட்டும் ஆடும் ரசிகன்" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதற்கு ஆதாரம் இருப்பதாகத் தோன்றலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2020 இடிக்கிறது. முதன்முறையாகப் பிளே ஆஃபுக்குப் போகாத ஆண்டு அது. அதைப் பற்றி நீங்கள் எழுதியது: "துபாய்ல கேவலமா தோத்தோம்." தோத்தோம்! ஏழாவது இடத்திலும் "நாம்" உங்களிடம் இருந்தது. ஆக, தோல்வி உங்கள் சொல்லை மாற்றவில்லை. அதற்குப் பிறகு வேறு எதுவோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடைப்புக்குறிக்குள். 2023 இறுதி ஆட்டம். அகமதாபாத்தில் மழையால் இழுத்துக்கொண்டே போய் நள்ளிரவு ஒன்றரை மணியைத் தாண்டிய ஆட்டம். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். "அழுதுட்டேன் மேடம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரி: "(ஆனா அன்னைக்கு என் டீம்ல ஜடேஜா இல்ல, ஆயிரம் போச்சு)."

என் டீம். ஏழு பக்கத்தில் அந்தச் சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அது சென்னையைக் குறிக்கவில்லை. கைப்பேசிச் செயலியில் நீங்கள் காசு கட்டித் தேர்ந்தெடுத்த பதினொரு பேரைக் குறிக்கிறது.

"சும்மா ஐம்பது, நூறுதான்"

2022 சீசனிலிருந்து ஃபேன்டசி (நாம் தேர்ந்தெடுத்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி ஏறும் ஆட்டம்) ஆடுவதாகவும், "சும்மா ஐம்பது, நூறுதான், எல்லாரும் ஆடுறாங்க" என்றும் ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். நான் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆட்டம் மனதுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் மும்பையின் பும்ராவைக் கேப்டனாகப் போட்டிருக்கிறீர்கள். பும்ரா சென்னையின் ருதுராஜை அவுட் ஆக்குகிறார். நீங்கள் கட்டிய பணத்துக்குப் புள்ளி கிடைக்கிறது. பதினைந்து ஆண்டாக மஞ்சள் சட்டை போட்ட மனம் "ஐயோ" என்கிறது, விரல் திரையில் புள்ளி ஏறியதா என்று பார்க்கிறது. அடுத்த நொடி குற்ற உணர்வு. ஒரு சீசனில் பதினான்கு லீக் ஆட்டம். நான்கு சீசன். ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் அணிக்கு எதிராகவும் கொஞ்சம் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே மங்கிப்போய்விட்டது. 2025இல் தோல்விக்குப் பிறகு வந்த அந்த "அப்பாடா" எங்கிருந்து வந்தது என்று எனக்கு இதில் பாதி புரிகிறது. இரண்டு பக்கமும் இழுக்கப்பட்ட ஒருவர், ஆட்டம் ஒருவழியாக முடிந்ததற்கு விட்ட பெருமூச்சு அது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதும், பெரிய செயலிகள் பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவிட்டன. "அதுக்கப்புறம் மேட்ச்ல உப்புச்சப்பே இல்ல" என்கிறீர்கள். கவனியுங்கள்: சென்னை கடைசி இடத்தில் சீசனை முடித்தது மே மாதம். உப்புச்சப்பு போனது ஆகஸ்டுக்குப் பிறகு. நாக்கு காரத்துக்குப் பழகிவிட்டால் தயிர் சாதம் சப்பென்றுதான் இருக்கும். தயிர் சாதத்தின் மீது குற்றமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயலி மூடியவுடன் டெலிகிராம் குழு, வெளிநாட்டு பெட்டிங் தளம் என்று யாராவது வழி சொல்லியிருப்பார்கள். அங்கே பணம் போனால் புகார் சொல்லக்கூட முறையான இடம் இருக்காது. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணை வேறு எதற்கெல்லாமோ பயன்படுத்திவிட்டு, கடைசியில் கணக்கை முடக்கும் நிலைக்கும் கொண்டுபோவார்கள். வேண்டாம்.

இன்னொன்று செய்யுங்கள். 2022 முதல் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, அந்தச் செயலிக்குப் போன தொகையை மட்டும் கூட்டுங்கள். "கணக்குப் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன். தொகை சிறியதாக இருந்தால் நிம்மதி. பெரியதாக இருந்தால் அதை உங்கள் மனைவி உங்கள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும், வங்கிக் குறுஞ்செய்தியால் அல்ல.

இது மனச்சோர்வா?

கடிதத்தை வைத்து மட்டும் நோய் உண்டு, இல்லை என்று சொல்வது சரியல்ல. ஆனால் சில அடையாளங்களைச் சொல்லலாம். மனச்சோர்வு வந்தால் ஆர்வம் ஒரு விஷயத்தில் மட்டும் வற்றாது. வேலை, சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் என்று எல்லாவற்றிலும் வற்றும். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்களோ ஞாயிறு காலை தாமிரபரணிக் குளியலை விடவில்லை, அம்மா வைக்கும் மீன் குழம்பை மூன்று வரிக்கு வர்ணிக்கிறீர்கள். எனக்கு இது நம்பிக்கை தருகிறது.

அதே சமயம், ஆண்களிடம் மனச்சோர்வு சில நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும். ரிமோட் உடைந்தது ஒரு நாள் கதையா, அலுவலகத்திலும் இப்படிச் சட்டென்று கோபம் வருகிறதா? நள்ளிரவு வரை மீம்ஸ் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தூக்கம் வராததாலா, தூங்க மனமில்லாததாலா? கோபம் அடிக்கடி வருகிறது, தூக்கம் வரவில்லை என்று பதில் வந்தால் பிபி மாத்திரை எழுதித் தந்த அதே மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிபி என்றதும் ஞாபகம் வருகிறது. 2006 கால்பந்து உலகக்கோப்பையின்போது மியூனிக் நகரில் ஆய்வு நடத்தினார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள், மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆட்டத்துக்காகச் சாப்பாட்டையும் மாத்திரையையும் தள்ளிப்போடும் பழக்கம் உங்களுக்கு இருந்ததாகத் தெரிகிறது. ஆர்வம் குறைந்ததில் உங்கள் இதயத்துக்கு ஒரு லாபம் உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே.

துரோகம் என்ற சொல்

இதை முதலில் எறிந்தது நீங்கள். 2015இல், நண்பர் மேல். பத்து ஆண்டு கழித்து அது உங்கள் மேலேயே வந்து விழுந்திருக்கிறது.

நண்பர் செய்தது என்ன? அணியின் அதிகாரி ஒருவர் பந்தயம் கட்டியது உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியான பிறகு, நண்பர் விலகினார். நீங்கள் நின்றீர்கள். நின்றதில் தவறில்லை, விலகியதிலும் தவறில்லை. ஒரு ரசிகனுக்கு அணியோடு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அணிக்கும் உங்களோடு கிடையாது, அதனால்தான் ஜடேஜாவைக் கொடுக்க முடிந்தது. 2022 ஏலத்தில் ரெய்னாவை யாருமே எடுக்காதபோது உங்களுக்கு வலித்திருக்கிறது. ஆனாலும் அந்த ஆண்டு அணியை விடவில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை மொத்த ஏலம் வைத்து ஆட்களைக் கலைத்துப் போடுவது ஐபிஎல்லின் அமைப்பு. நீங்கள் காதலித்த 2008 அணியில் ஹேடனும் முரளிதரனும் நிட்டினியும் இருந்தார்கள். அந்த அணியில் ஆடியவர்களில் 2025 வரை அங்கே ஆடியவர் தோனி ஒருவர்தான். ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்தால் உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்? வேறு வடம் கட்டி இழுக்கிறார்கள். தேர் அதே தேர்தான். ஆனால், இழுத்துக் கை ஓய்ந்தவர் ஓரமாக நின்று பார்ப்பதையும் யாரும் குற்றமாகச் சொல்வதில்லை.

"தல போயிட்டா நான் யாரைப் பாக்க உட்காருவேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் இல்லை, சேப்பாக்கம் முழுக்க இருக்கிறது. சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் தோனி வருவார் என்று கூட்டம் ஆவலோடு காத்திருப்பதை 2023இல் ஜடேஜாவே வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைதான், ஆனால் கொஞ்சம் யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. அணி மீதிருந்த பற்று மெல்ல மெல்ல ஒரு மனிதர் மீது போய் நின்றுவிட்டது. அந்த மனிதரும் நாற்பதை எப்போதோ தாண்டிவிட்டார். பிரிவு வருமுன்பே பிரிவுக்கு அழத் தொடங்கிய கூட்டத்தில் நீங்களும் ஒருவர்.

எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 1999 ஜனவரி 31 மறக்காது. பாகிஸ்தானோடு டெஸ்ட். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். தோற்ற பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. விடுதித் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினோம். அந்தக் காலத்து ரசிகர் உசத்தி, இப்போதைய ரசிகர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அன்று கை தட்டியவர்களே வேறொரு நாள் வேறு மாதிரியும் நடந்திருப்பார்கள். ரசனைக்கு ஒரே ஒரு வடிவம்தான் என்று நினைத்திருந்தால், அதை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

எனவே, அடியோடு விடுவதா, வேறு அணியா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: இரண்டுக்கும் சபதம் தேவையில்லை. இந்தச் சீசனில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் பாருங்கள். கைப்பேசியில் தனியாக அல்ல, டிவியில், யாராவது ஒருவரோடு. ரசிகர் வாட்ஸ்அப் குழுவை மூன்று மாதம் மௌனமாக்கி வையுங்கள். பிடித்தால் பாருங்கள், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்த் தூங்குங்கள். மேன்ஷனில் நீங்கள் தனியாக ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதைக் கவனித்தீர்களா? நால்வர், ஒரு டிவி, இரவு மெஸ் பரோட்டா. உங்களுக்குத் தொலைந்துபோனதில் அணியின் பங்கு எவ்வளவு, அந்த அறையின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம்.

மகன்

"என்னை வெறுப்பேத்தத்தான் ஆர்சிபி பிடிச்சான்" என்கிறீர்கள். பதிமூன்று வயதில் அப்பாவோடு கொஞ்சம் மோதுவது இயல்புதான், ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கு ஒத்துவரவில்லை. அவனுக்கு ஏழு வயதிலிருந்து பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது பெங்களூர் ஒரு கோப்பையும் வெல்லாத அணி. 2009, 2011, 2016 என்று மூன்று இறுதி ஆட்டம் தோற்ற அணி. பள்ளியில் கேலி, வீட்டில் கேலி. வெற்றியின் வெளிச்சத்தில் குளிர் காய்பவன் அந்த அணியைப் பிடித்திருக்க மாட்டான். 2011இல் நீங்கள் கேலரியில் குதித்த இரவு தலை குனிந்து போன அணிதான் அது. விசுவாசம் என்றால் என்னவென்று உங்கள் வீட்டில் நன்றாகத் தெரிந்த ஆள் அவன்.

அவன் ஆறு ஆண்டு காத்திருந்து குதித்த இரவில் நீங்கள் கத்தினீர்கள். மறுநாள் பெங்களூரில் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். "அவன் முகம் செத்துப்போச்சு. நான் அப்பவும் ஒண்ணும் பேசல" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு பக்கத்தில் எனக்கு அதிகம் வலித்த வரி இது. முதல் நாள் தன் சந்தோஷத்துக்காகத் திட்டு வாங்கிய பையன், மறுநாள் அந்தச் சந்தோஷத்தையே குற்றம் போல் சுமந்திருப்பான். கேட்க ஆள் இல்லை.

அங்கிருந்து தொடங்குங்கள். தாமதம்தான், பரவாயில்லை. "அன்னைக்கு நான் கத்துனது தப்புடா. மறுநாள் உன்கிட்ட வந்து பேசியிருக்கணும்." இவ்வளவு போதும். "ஆனா நீயும்..." என்று ஒரு சொல் சேர்த்தால் மன்னிப்பு கெட்டுவிடும். அவன் உடனே கட்டிக்கொள்ள மாட்டான். "சரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாம். சாத்தட்டும். மனைவி முன்னிலையில் வேண்டாம், மேட்ச் நாளிலும் வேண்டாம். ஞாயிறு காலை ஆற்றுக்கு அவனையும் கூட்டிப்போகும் வழியில் சொல்லலாம். முகத்தைப் பார்க்காமல் பேச வண்டிப் பயணம் வசதி.

டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) சமயத்தில் உங்கள் ஊர்ச் சங்கர் நகர் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது அவனோடு ஒரு நாள் போய்வாருங்கள். இருவருக்கும் பழைய பகை இல்லாத அணிகள் ஆடும். யாரை ஆதரிப்பது என்று அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பணம் கட்டாமல், புள்ளி எண்ணாமல் ஓர் ஆட்டம் பார்த்து உங்களுக்கும் எவ்வளவு நாளாயிற்று!

கடைசியாக, கடிதத்தின் பின்குறிப்பில் அந்த மேன்ஷன் நண்பரின் எண் இன்னும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். கூப்பிடுவதாக இருந்தால் 2015ஐத் தோண்டாதீர்கள், யார் சரி என்று தீர்க்க வேண்டாம். அவரும் உங்களைப் போல நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகள், பிபி, வீட்டுக்கடன் என்று நிறைய இருக்கும். மெஸ் பரோட்டாவைப் பற்றிக் கேளுங்கள். எடுக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை கூப்பிடுங்கள்.